கன்னிமாரா பிரபுவின் வீட்டுப் பெயர்

சென்னை எழும்பூரில் இருக்கும் கன்னிமாரா நூலகத்துக்குள் கால் வைக்காதவர்கள்கூட அந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள். கேட்டதும் ஏதோ கன்னிமார் கோயில் சம்பந்தப்பட்டது போலத் தோன்றும். அப்படி ஒன்றும் இல்லை. கன்னிமாரா என்பது அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வே மாவட்டத்தில், பாறையும் சதுப்பும் ஏரியுமாகக் கிடக்கிற ஒரு நிலப்பகுதி. 1886 முதல் 1890 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர், தனக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தபோது அந்த நிலத்தின் பெயரைச் சூட்டிக்கொண்டார். 1890-இல் நூலகத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1896-இல் அது திறக்கப்பட்டபோது அவர் இங்கே இல்லை. அவருக்குப் பிள்ளை இல்லாததால் 1902-இல் அவர் இறந்ததோடு பட்டமும் முடிந்தது. நம் ஊர் நூலகத்திலும் ஓட்டலிலும் மட்டும் அது மிச்சம் இருக்கிறது.

பட்டத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு வீட்டுப் பெயர் இருந்தது. ராபர்ட் போர்க். இந்தப் பதிவு அந்தப் பெயரைப் பற்றியது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு எழுத்துப் பிரச்சினை. ஆங்கிலத்தில் இந்தப் பெயரைப் பல விதமாக எழுதுகிறார்கள். சாதாரணமாகப் பர்க். நடுவில் ஒரு 'ஓ' எழுத்தைச் செருகி இன்னொரு வகை. கடைசியில் ஒலிக்காத எழுத்துகளோடு, முன்னால் 'டி' சேர்த்து, பிரபுக்களுக்கு உரிய தோரணையில் டி பர்க். ஐரிஷ் மொழியில் டெ பூர்கா. 'ஓ' சேர்ந்த வகையை இங்கே 'போர்க்' என்று எழுதப் போகிறேன். அது எழுத்து வேறுபாட்டைக் காட்டுவதற்கு மட்டும்தான். வாயால் சொல்லும்போது அதுவும் பர்க்தான்.

கன்னிமாரா பிரபுவின் அண்ணன் ரிச்சர்ட் போர்க். பள்ளிக்கூட வரலாற்றில் அவரை மேயோ பிரபு என்று படித்திருப்பீர்கள். 1869-இல் இந்தியாவின் வைஸ்ராய் ஆனவர். 1872 பிப்ரவரி 8 அன்று அந்தமானில், கைதிகள் குடியிருப்பைப் பார்வையிட்டுவிட்டுப் படகுக்குத் திரும்புகிற நேரத்தில், ஷேர் அலி அஃப்ரிதி என்ற கைதி அவரைக் குத்திக் கொன்றார். பதவியில் இருக்கும்போது கொலையுண்ட ஒரே வைஸ்ராய் அவர். உடலை அயர்லாந்து கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை கெடாமல் இருக்க ரம் பீப்பாயில் வைத்து அனுப்பினார்கள் என்றும், அதனால் அவருக்கு 'ஊறுகாய்ப் பிரபு' என்று ஊரில் பெயர் விழுந்தது என்றும் சொல்வார்கள். அயர்லாந்துக்காரர்கள் சாவையும் கிண்டல் செய்யாமல் விடமாட்டார்கள்.

இவர்களுக்கு ஒரு நூற்றாண்டு முன்னால் எட்மண்ட் பர்க். வாரன் ஹேஸ்டிங்ஸை நாடாளுமன்றக் கூண்டில் ஏற்றியவர். அவருக்குப் பிறகு எடின்பரோவில் பிணம் விற்பதற்காகவே ஆட்களைக் கொன்ற வில்லியம் பர்க். ஆஸ்திரேலியாவைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடக்கப் போய்ப் பட்டினியில் செத்த ராபர்ட் ஓ'ஹாரா பர்க். பிரிட்டிஷ் பிரபுக்களின் வம்சாவளிப் பட்டியலை 1826-இல் முதலில் அச்சிட்ட ஜான் பர்க். அயர்லாந்தின் முதல் பெண் குடியரசுத் தலைவர் மேரி ராபின்சன், பிறந்த வீட்டுப் பெயர் போர்க். இத்தனை பேரும் ஒரே குடும்பமா என்று கேட்டால், பதில் சொல்லச் சுமார் எண்ணூறு ஆண்டு பின்னால் போக வேண்டியிருக்கிறது.

அயர்லாந்துப் பெயர் என்றாலே 'ஓ' அல்லது 'மெக்' என்று ஆரம்பிக்கும் என்பது நம் பொதுவான எண்ணம். ஓ'பிரையன், மெக்கார்த்தி மாதிரி. 'ஓ' என்றால் பேரன் அல்லது வழித்தோன்றல், 'மாக்' என்றால் மகன். தகப்பன் பெயரை இனிஷியலாகப் போட்டுக்கொள்ளும் நமக்கு இது சட்டென்று பிடிபடும். நமக்கு ஒவ்வொரு தலைமுறையும் இனிஷியல் மாறும். அவர்களுக்கு 10, 11-ஆம் நூற்றாண்டுகளில் ஏதோ ஒரு தாத்தாவின் பெயர் அப்படியே உறைந்துபோனது. பெண்களுக்கு 'ஓ', 'மாக்' வராது. 'நீ', 'நிக்' என்று மாறும்.

பர்க் இந்த வகையில் சேராது. 'டெ பூர்கா'வில் உள்ள 'டெ' என்பது இன்ன ஊர்க்காரர் என்று சொல்லும் பிரெஞ்சுச் சொல். அதனால் ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல் எல்லாரும் டெ பூர்காதான். ஊர் எது என்றால், இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக் மாவட்டத்தில் உள்ள பர்க் என்கிற கிராமம். அந்தச் சொல்லுக்கே அரண் சூழ்ந்த ஊர் என்றுதான் பொருள். நம் ஊர்களில் 'கோட்டை' என்று முடிகிற பெயர்கள் எத்தனை இருக்கின்றனவோ, அத்தனை பர்க் இங்கிலாந்தில் உண்டு.

அந்த நார்ஃபோக் குடும்பத்தில் இரண்டு சகோதரர்கள் பெரிய ஆளானார்கள். ஹியூபர்ட் இங்கிலாந்திலேயே இருந்து அரசனுக்கு அடுத்த அதிகாரியாக உயர்ந்தார். வில்லியம் 1185-இல் இளவரசர் ஜானோடு கப்பலேறி அயர்லாந்து வந்தார். நார்மன்கள் அங்கே காலூன்ற ஆரம்பித்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வந்தவருக்கு நிலம் கிடைத்தது. கன்னாக்ட் என்கிற மேற்கு மாகாணம் முழுவதுக்கும் ஒரு காகித உரிமையும் கிடைத்தது. அங்கே ஏற்கெனவே ஓ'கானர் அரசர்கள் ஆண்டுகொண்டிருந்தார்கள் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வில்லியம் 1206 வாக்கில் இறந்தார். அந்தக் காகிதத்தை நிலமாக மாற்றியவர் மகன் ரிச்சர்ட். 1235-இல் படையோடு போய்க் கன்னாக்டைப் பிடித்தார்.

பிற்காலத்து வம்சாவளி எழுத்தர்கள் இந்த வில்லியமுக்கு சார்லமேன் பேரரசர் வரைக்கும் முன்னோர்களைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். நம்ப வேண்டாம். பணம் வந்த பிறகு முன்னோர் வருவது எல்லா நாட்டிலும் நடப்பது.

அடுத்த நூறு ஆண்டு இந்தக் குடும்பத்துக்கு ஏறுமுகம். கன்னாக்டோடு வடக்கே அல்ஸ்டர் கோமகன் பட்டமும் சேர்ந்தது. 'சிவப்புக் கோமகன்' என்று அழைக்கப்பட்ட இன்னொரு ரிச்சர்டின் மகள் எலிசபெத், ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் புரூஸுக்கு மனைவி. அயர்லாந்தில் இவர்களை மிஞ்ச ஆள் இல்லை என்கிற நிலைமை.

பிறகு வந்தது 1333. இந்தப் பெயரின் கதையில் எல்லாம் திரும்புகிற இடம் இதுதான் என்பேன்.

சிவப்புக் கோமகனின் பேரன் வில்லியம், 'பழுப்புக் கோமகன்'. இருபது வயதுதான். தன் உறவினர் வால்டர் மேல் சந்தேகப்பட்டுப் பிடித்து, இனிஷோவன் தீபகற்பத்தில் உள்ள தன் கோட்டையில் அடைத்துப் பட்டினி போட்டுக் கொன்றார். அது 1332-இல். வால்டருக்குக் கில் என்று ஒரு சகோதரி. மாண்டெவில் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். அண்ணன் தம்பி சாவுக்குப் பழி வாங்காமல் விடுகிற பெண் இல்லை. அடுத்த ஆண்டு ஜூன் மாதம், கேரிக்ஃபர்கஸ் பக்கம் போய்க்கொண்டிருந்த பழுப்புக் கோமகனை மாண்டெவில் ஆட்கள் வெட்டிச் சாய்த்தார்கள்.

இறந்தவருக்கு ஆண் வாரிசு இல்லை. எலிசபெத் என்று ஒரு வயதுகூட நிரம்பாத ஒரு பெண் குழந்தை. தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இங்கிலாந்துக்கு ஓடிவிட்டார். ஆங்கிலேயச் சட்டப்படி கன்னாக்ட், அல்ஸ்டர் எல்லாம் அந்தக் குழந்தைக்குச் சொந்தம். அவள் யாரைக் கல்யாணம் செய்கிறாளோ அவருக்குப் போகும். மேற்கே கோட்டை கோட்டையாக உட்கார்ந்திருந்த பங்காளிகள், வாளோடு அந்த நிலத்தைக் காத்து வந்தவர்கள், இதை ஏற்பார்களா? ஏற்கவில்லை.

ஆனால் ஏற்காமல் இருப்பதற்கு ஒரு நியாயம் வேண்டுமல்லவா? அது பக்கத்திலேயே இருந்தது. அயர்லாந்தின் பழைய சட்டப்படி பெண் வழியாகத் தலைமை போகாது. குலத்தில் தகுதியான ஆண் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்துகொள்ளலாம். சரி, நாங்கள் இனிமேல் ஐரிஷ்காரர்கள் என்று பங்காளிகள் முடிவு செய்தார்கள். இப்படி ஒரே நாளில் கூடிப் பேசித் தீர்மானித்தார்கள் என்று கற்பனை செய்ய வேண்டாம். அவர்கள் அப்பன் பாட்டன் காலத்திலேயே ஐரிஷ் பேசி, ஐரிஷ் வீடுகளில் பெண் எடுத்துப் பாதி மாறியிருந்தார்கள். சொத்து மீதிப் பாதியை மாற்றியது.

இடையில் அவர்களுக்குள்ளேயே சண்டை. பட்டினியில் செத்த வால்டரின் சகோதரர் எட்மண்ட். ஸ்காட்லாந்தில் கொஞ்ச காலம் இருந்ததால் ஐரிஷில் 'அல்பனாக்', அதாவது ஸ்காட்லாந்துக்காரர் என்று பட்டப்பெயர். அவர் 1338-இல் சிவப்புக் கோமகனின் மகன் எட்மண்டைப் பிடித்து, கல்லைக் கட்டி, லாக் மாஸ்க் ஏரியில் மூழ்கடித்தார். ஒரு எட்மண்ட் இன்னொரு எட்மண்டைக் கொல்கிற இந்தக் குடும்பத்தில் பெயர்ப் பஞ்சம் எப்போதுமே உண்டு. வில்லியம், ரிச்சர்ட், எட்மண்ட், வால்டர் என்று திரும்பத் திரும்ப அதே நாலைந்துதான். வரலாற்று நூல்களில் அட்டவணை இல்லாமல் படித்தால் தலை சுற்றும்.

சண்டை அடங்கியபோது குடும்பம் மூன்றாக உடைந்திருந்தது. மேயோ பக்கம் எட்மண்ட் அல்பனாக்கின் வழி, தலைவருக்கு 'கீழ் மாக் வில்லியம்' என்று பட்டம். கால்வே பக்கம் கிளான்ரிகார்ட் வழி, 'மேல் மாக் வில்லியம்'. லிம்ரிக், டிப்பரரி எல்லையில் மூழ்கடிக்கப்பட்டவரின் வழி. நார்மன் பிரபுவின் வாரிசுகள், 'டி பர்க்'கைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு 'வில்லியமின் மகன்' என்று ஐரிஷ் முறையில் தங்களை அழைத்துக்கொண்டார்கள்.

இங்கிலாந்துக்குப் போன குழந்தை என்ன ஆனாள்? மூன்றாம் எட்வர்ட் அரசரின் மகன் லயனலுக்கு மனைவியானாள். அவள் வீட்டில் ஏவல் சிறுவனாக இருந்தவர்தான் பின்னாளில் ஆங்கிலக் கவிதையின் தந்தை எனப்பட்ட சாசர். லயனல் மனைவியின் நிலத்தை மீட்க அயர்லாந்துக்கு வந்தார், முடியவில்லை. அவர் ஆட்சிப் பொறுப்பில் இருந்தபோதுதான் 1366-இல் கில்கென்னிச் சட்டங்கள் வந்தன. அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலேயர் ஐரிஷ் பேசக்கூடாது, ஐரிஷ் வீட்டில் சம்பந்தம் செய்யக்கூடாது, ஐரிஷ் சட்டத்தைப் பின்பற்றக்கூடாது. யாரை மனதில் வைத்து எழுதியிருப்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. பர்க்குகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அல்ஸ்டர் கோமகன் பட்டம் மட்டும் அந்தப் பெண்ணின் வழியாக இறங்கி, நான்காம் எட்வர்ட் அரியணை ஏறியபோது ஆங்கில முடியோடு கலந்துவிட்டது. பட்டம் அரசனிடம், நிலம் பர்க்கிடம்.

எவ்வளவு தூரம் மாறிப்போனார்கள் என்பதற்கு 1518-இல் கால்வே நகரசபை போட்ட ஒரு விதி சாட்சி. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் போன்ற விருந்து நாட்களில் நகரத்தார் யாரும் மேயர் அனுமதி இல்லாமல் வீட்டுக்குள் சேர்க்கக்கூடாதவர்கள் என்று அதில் சில குலங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார்கள். பர்க்குகளும் மாக் வில்லியம்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். மீறினால் 5 பவுண்டு அபராதம். 'ஓ'வும் 'மாக்'கும் நம் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடக்கக்கூடாது என்று அந்த விதி முடிகிறது. கால்வே நகரம் அங்கே வளர்ந்ததற்கே பர்க் குடும்பத்தின் கோட்டைதான் காரணம். அந்த ஊருக்குள் அவர்களுக்கே அனுமதிச் சீட்டு.

இந்தக் காலத்தில்தான் பெயர் கிளை விட்டது. குலம் பெருகப் பெருக, ஒவ்வொரு கிளையும் தன் தாத்தாவின் பெயரில் தனியாகப் பிரிந்தது. ஷோனீன், அதாவது சின்ன ஜான் என்ற ஒருவரின் பிள்ளைகள் 'மாக் ஷோனீன்' ஆனார்கள். ஆங்கிலேய எழுத்தர் காதில் அது ஜென்னிங்ஸ். கில்பர்ட்டின் செல்லப் பெயரில் கிப்பன்ஸ். பிலிப்பின் வழியில் ஃபில்பின். வால்டரின் வழியில் குவால்டர். மேயோவிலும் கால்வேயிலும் இந்தப் பெயர்கள் இன்றும் கடைப் பலகைகளில் தொங்குகின்றன. எல்லாம் பர்க் வீட்டுக் கிளைகள். ஆனால் அதே கிப்பன்ஸ் லிம்ரிக் பக்கம் 'ஃபிட்ஸ்கிப்பன்' என்று வந்தால் அது ஃபிட்ஸ்ஜெரால்ட் குடும்பத்துக் கிளை, பர்க்குக்குச் சம்பந்தமில்லை. இங்கிலாந்தில் பிறந்த ஜென்னிங்ஸுக்கு அயர்லாந்தே சம்பந்தமில்லாமல் இருக்கலாம். இந்தப் பெயர்களைப் பொறுத்தவரை என் கட்சி இதுதான்: எழுத்தை நம்பாதே, எந்த ஊர் என்று கேள். இது தெரியாமல் ஆன்லைனில் குலச்சின்னம் வாங்கிச் சுவரில் மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

மேயோக் கிளையில் ஒரு ரிச்சர்ட் போர்க். 'இரும்பு ரிச்சர்ட்' என்று பெயர். அவரை விட அவர் மனைவிக்குப் புகழ் அதிகம். கடலில் சொந்தக் கப்பல்கள் வைத்து வசூல் நடத்திய கிரானியா நீ வாலியா, ஆங்கிலத்தில் கிரேஸ் ஓ'மாலி. ஒரு வருடம் சேர்ந்திருந்து பார்ப்போம், பிடிக்காவிட்டால் விலகலாம் என்ற ஒப்பந்தத்தில் கல்யாணம் செய்துகொண்டு, வருடம் முடிந்ததும் புருஷனுடைய கோட்டைக்குள் இருந்தபடி கதவைச் சாத்தி 'உன்னை விட்டேன்' என்று மேலிருந்து சொன்னார் என்பது அந்தப் பக்கத்துக் கதை. கோட்டை நிஜம், கதைக்கு நான் பொறுப்பில்லை. பிறகும் இருவரும் சேர்ந்தே இயங்கியிருக்கிறார்கள். அவர்கள் மகன் டிபோட், கப்பலில் பிறந்தவன் என்பதால் 'கப்பல் டிபோட்'. அந்தம்மா 1593-இல் கிரீனிச் அரண்மனைக்கே போய் முதலாம் எலிசபெத் ராணியை நேரில் பார்த்துத் தன் குடும்பத்துக்காகப் பேசினார். அந்த மகன் 1627-இல் மேயோ வைகவுண்ட் ஆனார். ஊறுகாய்ப் பிரபுவின் மேயோ பட்டம் இதன் தொடர்ச்சி இல்லை. அது 1785-இல் வேறொரு போர்க் கிளைக்குத் தனியாகக் கொடுக்கப்பட்டது. ஒரே பெயர், ஒரே ஊர், இரண்டு பட்டம். வம்சம் தேடுகிறவர்கள் வழுக்கி விழுகிற இடம் இது.

ஆங்கில ஆட்சி மெல்ல இறுகியபோது பெயரும் திரும்ப ஆங்கிலத்துக்கு வந்தது. கால்வேக் கிளையின் உல்லிக் 1543-இல் எட்டாம் ஹென்றியிடம் மண்டியிட்டு, மாக் வில்லியம் பட்டத்தைத் துறந்து கிளான்ரிகார்ட் கோமகன் ஆனார். அவருடைய பட்டப்பெயர் 'தலைகளின் உல்லிக்'. எதிரிகளின் தலைகளை வெட்டியவர் என்பதால் வந்ததாம். மேயோக்காரர்கள் அவ்வளவு சுலபத்தில் வழிக்கு வரவில்லை. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்கள் ஐரிஷிலும் லத்தீனிலும் ஒரு குடும்ப வரலாற்றுச் சுவடியே எழுதி வைத்தார்கள். கவசம் போட்ட முன்னோர்களின் வண்ணப் படங்களோடு அது இப்போது டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது. அந்தப் படங்களைப் பார்த்தால் எனக்கு அவர்கள்மேல் ஒரு பிரியமே வந்துவிடுகிறது. கழுத்தை நீட்டி, கண்ணை உருட்டி, கையில் வாளோடு வரிசையாக நிற்கிறார்கள்.

எழுத்து மாறிய கதை இதற்கு அப்புறம்தான். வரி எழுதியவர், கோயில் பதிவேடு எழுதியவர், நில அளவை செய்தவர், ஒவ்வொருவரும் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஒரே மனிதரை ஒரு தாளில் பர்க் என்றும் இன்னொரு தாளில் போர்க் என்றும் பார்க்கலாம். பொதுவாக மேயோ, லிம்ரிக், டிப்பரரி பக்கம் போர்க் அதிகம், கால்வே பக்கம் பர்க் அதிகம். இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 18-ஆம் நூற்றாண்டில் கிளான்ரிகார்ட் கோமகன்கள் ஒருபடி மேலே போய், சாதாரண எழுத்து தங்களுக்குக் குறைச்சல் என்று 'டி பர்க்'கைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அந்த வழியில் கடைசி மார்க்விஸ் ஹியூபர்ட் டி பர்க்-கானிங். தாய்வழி மாமா, இந்தியாவின் முதல் வைஸ்ராய் கானிங் பிரபு. அவர் சொத்து வந்ததால் அவர் பெயரும் ஒட்டிக்கொண்டது. இந்த மார்க்விஸ் தன் கால்வே நிலங்களை எட்டியே பார்க்காமல் லண்டனில் இருந்துகொண்டு குத்தகைதாரர்களை வெளியேற்றியவர். 1886-இல் உட்ஃபோர்டில் நடந்த வெளியேற்றங்கள் பெரிய கலகமாகின. நிலத்துக்காக ஐரிஷ் ஆன குடும்பம், கடைசியில் அயர்லாந்து வெறுத்த நிலப்பிரபுவாக முடிந்தது. 1916-இல் அவர் இறந்தபோது அழுதவர்கள் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள்.

எட்மண்ட் பர்க்குக்கு வருகிறேன். நமக்கு உண்மையிலேயே நெருக்கமான பர்க் இவர்தான். டப்ளினில் 1729-இல் பிறந்தவர். அப்பா வழக்கறிஞர். அம்மா கார்க் மாவட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பம். லண்டனில் அவருக்கு உயிர் நண்பர் ஒருவர், அவர் பெயரும் பர்க், வில்லியம் பர்க். இருவரும் ஒருவரையொருவர் 'கசின்' என்றே அழைத்தார்கள். ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒரே பணப்பையில் செலவு செய்தார்கள். இரண்டு பேருக்கும் என்ன உறவு என்று வரலாற்றாசிரியர்கள் தேடித் தேடியும் பிடி கிடைக்கவில்லை. பெயர் ஒன்றாக இருந்தது, மனம் ஒத்தது, பங்காளி ஆகிவிட்டார்கள்.

கடன் தொல்லையில் மாட்டிய வில்லியம் 1777-இல் சென்னைக்கு வந்தார். வந்து பிடித்த வேலை, தஞ்சாவூர் ராஜாவின் ஏஜெண்ட். மராட்டிய மன்னர் துளஜா காலம் அது. ஆற்காட்டு நவாப் கும்பினிப் படையோடு 1773-இல் தஞ்சையைப் பிடித்ததும், ஆளுநர் பிகட் 1776-இல் அதை ராஜாவுக்கே திருப்பிக் கொடுத்ததும், அதற்காகக் கவுன்சில்காரர்கள் பிகட்டையே சிறை வைத்ததும், அவர் காவலிலேயே இறந்ததும் நம் ஊர் வரலாறு. லண்டனில் தஞ்சைத் தரப்புக்காகப் பேசும் ஆளாக வில்லியம் திரும்பிப் போனார். எட்மண்டின் கண் இந்தியா பக்கம் திரும்பியதில் இந்தத் தஞ்சைத் தொடர்புக்குப் பங்கு உண்டு. அவருடைய எதிரிகள் இதைச் சொல்லிக் காட்டியும் இருக்கிறார்கள். உறவுக்காரனுக்காகப் பேசுகிறார் என்று. அந்த உறவுக்கே ஆதாரம் இல்லை என்பதுதான் வேடிக்கை.

1785 பிப்ரவரி 28 அன்று ஆற்காட்டு நவாபின் கடன்கள் பற்றி நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பேசிய பேச்சு இன்றைக்கும் படிக்க வேண்டிய ஒன்று. பால் பென்ஃபீல்டு போன்ற கும்பினி ஊழியர்கள் நவாபுக்குக் கொடுத்ததாகச் சொன்ன கடன்கள் எவ்வளவு மோசடி, அதை அடைக்கக் கர்நாடகத்துக் குடியானவன் எப்படிப் பிழியப்படுகிறான் என்று பிரித்து வைக்கிறார். அதில் எனக்குப் பிடித்த பகுதி நம் ஏரிகளைப் பற்றியது. இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராத இந்த மனிதர், செங்கல்பட்டு வட்டாரத்துக் கும்பினி ஜாகீரின் நிலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு அதில் உள்ள ஏரிகளை எண்ணியிருக்கிறார். 1100-க்கு மேல். இவற்றை வெட்டியவர்கள்தான் உண்மையான அரசர்கள், தங்கள் காலத்துக்கு அப்பாலும் குடிகளைக் காக்க நினைத்தவர்கள் என்கிற கருத்தில் பேசுகிறார். இன்று அந்த ஏரிகளில் எத்தனை மனைப்பிரிவாக மாறியிருக்கின்றன என்பது வேறு பதிவுக்கான விஷயம்.

மற்ற பர்க்குகளை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். எடின்பரோவின் வில்லியம் பர்க், கூட்டாளி ஹேருடன் சேர்ந்து 1828-இல் 16 பேரைக் கொன்று, உடற்கூறு பயிற்றுவித்த மருத்துவருக்கு உடல்களை விற்றார். மூச்சை அடைத்துக் கொன்ற அவருடைய முறையால், ஆங்கிலத்தில் இந்தக் குடும்பப் பெயரே ஒரு வினைச்சொல் ஆகிவிட்டது. ஆஸ்திரேலியாவில் ஆளுநராக இருந்த ரிச்சர்ட் போர்க்கின் பெயரில் மெல்பர்னில் ஒரு பெரிய தெரு, நியூ சவுத் வேல்ஸின் உள்நாட்டில் ஒரு ஊர். அந்த ஊருக்கும் அப்பால் என்று ஆஸ்திரேலியர்கள் சொன்னால் மனித வாடையே இல்லாத இடம் என்று அர்த்தம். இவர் எட்மண்டுக்கு நிஜமான உறவினர்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது பர்க் தன் வேரைத் தேடுகிறார் என்றால், அவருக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். பெயரை வைத்துத் தேடாதீர்கள், ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும். கப்பலேறிய தாத்தா எந்த 'டவுன்லேண்ட்' என்று முதலில் கண்டுபிடியுங்கள். நம் குக்கிராமம் மாதிரி, அயர்லாந்தில் நிலத்தின் ஆகச் சிறிய பெயருள்ள அலகு அது. அது கிடைத்தால் கிரிஃபித் மதிப்பீடு என்கிற 1847 முதல் 1864 வரையிலான நிலப் பதிவைப் பார்க்கலாம். பஞ்ச காலத்துக்குப் பிறகு யார் எந்த நிலத்தில் இருந்தார் என்பது அதில் இருக்கிறது. 1901, 1911 மக்கள்தொகைக் கணக்குத் தாள்கள் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதற்கு முந்தைய கணக்குகளைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒரு பகுதியை அரசே அழித்துவிட்டது, மீதியில் பெரும்பாலானவை 1922-இல் உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்து ஆவணக் காப்பகம் எரிந்தபோது சாம்பலாகின. தேடும்போது பர்க், போர்க், டி பர்க் மூன்றையும் போட்டுப் பாருங்கள். ஐரிஷில் படிவம் நிரப்பியவர்களும் உண்டு என்பதால் டெ பூர்காவையும் சேர்த்து. மேயோக்காரர் என்றால் பக்கத்து வீட்டு ஜென்னிங்ஸையும் விட்டுவிடாதீர்கள்.

பழைய ஆங்கிலப் பாட்டு கேட்கிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. 'லேடி இன் ரெட்' பாடிய கிறிஸ் டி பர்க்கின் பெயரில் உள்ள டி பர்க், அப்பா வழி வந்ததில்லை. அப்பா டேவிசன். அம்மா வீட்டுப் பெயரை மேடைக்காக எடுத்துக்கொண்டார். அம்மாவின் அப்பா எரிக் டி பர்க், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்திய ராணுவத் தலைமையகத்தில் உயர் பொறுப்பில் இருந்த தளபதி. 1333-இல் பெண் வழியாக எதுவும் போகக்கூடாது என்று கத்தி எடுத்த மேயோப் பங்காளிகள் இதைக் கேட்டிருந்தால், அவரையும் ஏதாவது ஒரு ஏரிப் பக்கம் கூட்டிப்போயிருப்பார்கள்.